வானத்துக்கு யார் பட்டா கொடுத்தது? உலகின் மிக உயரமான குடியிருப்புக் கோபுரங்களும் நிலமற்றோரின் கேள்வியும்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், மேற்கு 57ஆம் தெருவில் சென்ட்ரல் பார்க் டவர் என்ற கட்டடம் நிற்கிறது. உயரம் 472 மீட்டர். மனிதர்கள் வசிப்பதற்கென்றே எழுப்பப்பட்ட கட்டடங்களில் உலகிலேயே உயரமானது இதுதான். துபாயின் புர்ஜ் கலீஃபா இதைவிட உயரமானது. ஆனால் அதில் விடுதியும் அலுவலகங்களும் கலந்திருப்பதால் அது குடியிருப்புக் கட்டடமாகக் கணக்கிடப்படுவதில்லை. சென்ட்ரல் பார்க் டவரின் அருகிலேயே 435 மீட்டரில் ஒரு கோபுரமும், 426 மீட்டரில் 432 பார்க் அவென்யூ என்ற கோபுரமும் உள்ளன. கோடீசுவரர் வரிசை என்றே அந்தப் பகுதிக்குப் பெயர் வந்துவிட்டது.

சென்ட்ரல் பார்க் டவரில் இருக்கும் வீடுகள் 179 மட்டுமே. அதன் உச்சி வீடு 2022 செப்டம்பரில் 25 கோடி டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. தரைக்கு மேல் 98 தளங்களே உள்ள கட்டடத்தில் அந்த வீட்டுக்கு 129 முதல் 131 வரை தள எண் இடப்பட்டது. உயரம் போதவில்லை என்று எண்களையும் உயர்த்தினார்கள்.

இத்தகைய கோபுரங்களைப் பற்றிய செய்திகள் பொறியியலின் வியப்பையும் விலையின் வியப்பையும் பேசுகின்றன. வழக்குரைஞர்களாகிய நாம் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். இந்த உயரத்தை அதன் உரிமையாளருக்குக் கொடுத்தது யார்? மனையை அவர் விலைக்கு வாங்கினார்; கம்பியையும் சிமெண்டையும் வாங்கினார். 472 மீட்டர் வானத்தை யாரிடம் வாங்கினார்?

விடை எளியது. சட்டம் கொடுத்தது. உயரம் என்பது மனையோடு பிறந்த உரிமையன்று. அரசு விதி எழுதி, அளந்து, வழங்கும் பொதுச் சொத்து அது. இந்த உண்மையைப் பற்றிக்கொண்டால், நியூயார்க்கின் கோபுரத்துக்கும் மும்பையின் ஆலை நிலத்துக்கும் சென்னையின் பெரும்பாக்கத்துக்கும் நடுவே ஓடும் கோடு தெளிவாகும்.

படிக்கட்டில்லாத கோபுரம்

பாபாசாகேப் அம்பேத்கர் 1913 ஜூலையில் நியூயார்க் வந்திறங்கினார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் 241 மீட்டர் உயர உல்வொர்த் கட்டடம் அங்கே திறக்கப்பட்டிருந்தது. அன்றைய உலகின் மிக உயரமான கட்டடம் அது. அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1915இல், எக்விட்டபிள் கட்டடம் என்ற பெருங்கட்டடம் எழுந்து சுற்றுத் தெருக்களை நிழலில் மூழ்கடித்தது. வெளிச்சமும் காற்றும் எவருடையவை என்ற விவாதம் நகரில் வெடித்தது. விளைவாக 1916 ஜூலை 25 அன்று நியூயார்க் தன் முதல் மண்டல ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்காவில் ஒரு முழு நகரத்துக்கும் பொருந்திய முதல் மண்டலச் சட்டம் அது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு, மே 9 அன்று, அதே நகரில் அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற ஆய்வுக் கட்டுரையை வாசித்திருந்தார்.

1920 ஜனவரி 31 அன்று வெளிவந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில் இந்து சமூகத்தை அவர் ஒரு கோபுரத்துக்கு ஒப்பிட்டார். அடுக்குகள் பல உண்டு. ஏறுவதற்கு ஏணி இல்லை, நுழைவதற்கு வாயில் இல்லை. பிறந்த அடுக்கிலேயே சாக வேண்டும். சாதியை விளக்குவதற்கு நாம் வழக்கமாக எடுத்தாளும் உவமை இது. இன்று அதைத் திருப்பி, கோபுரத்தை விளக்கவும் எடுத்தாளலாம்.

உயரத்துக்கும் சாதிக்கும் உள்ள உறவு நம் ஊர்களில் எவருக்கும் புதிதன்று. சேரியில் ஓடு வேயக் கூடாது, மாடி எடுக்கக் கூடாது என்ற தடைகளை நம் பாட்டன்மார் அறிவார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது, வெளிநாட்டு உழைப்பில் உயர்ந்த வீடுகளே குறிவைக்கப்பட்டன. தொலைக்காட்சிப் பெட்டிகளும் கடவுச்சீட்டுகளும் அழிக்கப்பட்டன. அங்கே கோபத்தைக் கிளப்பியது வன்முறையன்று, வளர்ச்சி. ஆக, யார் எவ்வளவு உயரம் எழலாம் என்பதை முடிவு செய்வதே அதிகாரம். ஊரில் அதை வழக்கம் முடிவு செய்தது. நகரில் சட்டம் முடிவு செய்கிறது.

உயரம் விற்கப்படும் முறை

நிலத்தின் உரிமையாளருக்கு அதற்கு மேலுள்ள விண்ணும் சொந்தம் என்ற பழைய கோட்பாடு ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் இருந்தது. 1946இல், தன் கோழிப்பண்ணைக்கு மேல் தாழப் பறந்த இராணுவ விமானங்களை எதிர்த்து ஒரு விவசாயி தொடுத்த காஸ்பி வழக்கில், அக்கோட்பாட்டுக்கு நவீன உலகில் இடமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தன் நிலத்தைப் பயன்படுத்துவதற்குத் தேவையான அளவு வெளி அவருக்கு உண்டு. விண் முழுவதும் அவருடையதன்று.

அவ்வாறானால் மனைக்கு மேல் எவ்வளவு கட்டலாம்? இதற்கு நகரங்கள் கண்டுபிடித்த அளவுகோல் தளப்பரப்புக் குறியீடு. நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். 10,000 சதுர அடி மனைக்குக் குறியீடு 10 என்றால், எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒரு லட்சம் சதுர அடி கட்டலாம். பக்கத்து மனையில் பழைய கட்டடம் ஒன்று 30,000 சதுர அடியை மட்டுமே பயன்படுத்தியிருந்தால், மீதி 70,000 சதுர அடி கட்டப்படாமல் காகிதத்தில் நிற்கும். அந்தக் காகித வெளியை அடுத்த மனைக்காரருக்கு விற்கலாம் என்கிறது நியூயார்க் சட்டம். இதற்கு வான்வெளி உரிமை என்று பெயர்.

தொன்மைச் சின்னங்களைக் காப்பதற்கும் இதே வழி கையாளப்பட்டது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேல் கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டபோது, பென் சென்ட்ரல் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978இல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அங்கே கட்ட முடியாத பரப்பை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள இயலும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் அடுத்த நாற்பதாண்டுகளில், தெரு முழுவதிலும் சிதறிக் கிடந்த காகித வெளியைத் துண்டு துண்டாக வாங்கி, ஒரே மனையின் தலையில் அடுக்குவது பெரும் வணிகமாகிவிட்டது. சென்ட்ரல் பார்க் டவர் அவ்வாறு எழுந்ததே. பக்கத்திலிருந்த ஓவியக் கல்லூரியின் பழங்கட்டடத்திடமிருந்தும் வான்வெளி உரிமை வாங்கப்பட்டது. கோபுரத்தின் ஒரு பக்கம் அக்கட்டடத்தின் கூரைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

வாங்கிய பரப்பையும் மிஞ்சி உயர்வதற்கு இன்னொரு வழி இருந்தது. இயந்திரங்கள் வைக்கும் தளங்கள் குறியீட்டுக் கணக்கில் சேருவதில்லை. எனவே இயந்திரத் தேவை இருக்கிறதோ இல்லையோ, வெற்றுத் தளங்களை நடுநடுவே செருகி, மேலே உள்ள வீடுகளை உயர்த்தினார்கள். 432 பார்க் அவென்யூவின் தளங்களில் ஏறத்தாழக் கால் பங்கில் மனிதர் வசிப்பதில்லை. 2019இல்தான் நகர மன்றம் விழித்துக்கொண்டு, சில பகுதிகளில் 25 அடிக்கு மேற்பட்ட வெற்றுத் தளங்களையும் கணக்கில் சேர்க்குமாறு விதியைத் திருத்தியது. அதற்குள் கோபுரங்கள் எழுந்துவிட்டன.

மனையை அகலப்படுத்த முடியாத நகரில் வெறுமையை அடுக்கி விலையை உயர்த்தினார்கள் என்பதே இதன் சாரம். அதில் சட்டமீறல் ஏதும் இல்லை. அதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்க வேண்டியது.

வரியில் ஒரு மாடி

உயரம் கொடுத்த சட்டம் அதோடு நிற்கவில்லை. நியூயார்க் மாநிலச் சட்டப்படி, தனியுரிமை அடுக்குமாடி வீடுகளின் வரி மதிப்பு அவை விற்கப்படும் விலையின் அடிப்படையில் கணக்கிடப்படுவதில்லை. வாடகைக் கட்டடமாக இருந்தால் என்ன வருமானம் வரும் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. பல கோடி டாலர் வீட்டுக்கு ஒப்பான வாடகைக் கட்டடம் எங்கே இருக்கிறது? மதிப்பு தாழ்கிறது, வரியும் தாழ்கிறது.

வீடு கட்டுவோரை ஊக்குவிக்க 1971இல் கொண்டுவரப்பட்ட 421-ஏ என்ற வரிச் சலுகையும் இருந்தது. அதே 57ஆம் தெருவில் 2014இல் முடிந்த ஒன்57 என்ற கோபுரம் இச்சலுகையைப் பெற்றது. அக்கோபுரத்தின் உச்சி வீடு 10 கோடி டாலருக்கு மேல் விற்றது. சலுகைக்கு ஈடாக பிராங்க்ஸ் பகுதியில் எளியோர்க்கு 66 வீடுகள் கிடைத்தன. நகரின் தற்சார்பு நிதிநிலை அலுவலகம் 2015இல் கணக்கிட்டபோது, இந்த ஒரு கட்டடத்துக்கான வரி இழப்பு சுமார் 6.56 கோடி டாலர் என்றது. அதே பணத்தை நேரடியாகச் செலவிட்டிருந்தால் ஏறத்தாழ 370 எளிய வீடுகள் கட்டியிருக்கலாம் என்றும் சொன்னது.

வாங்கியவர்கள் யார் என்பதும் மறைவாகவே இருந்தது. உரிமையாளர் பெயருக்குப் பதில் பெயரளவு நிறுவனங்களின் பெயர்களே பத்திரங்களில் இருந்தன. 2016இல் அமெரிக்க நிதித் துறை தலையிட்டு, மன்ஹாட்டனில் ரொக்கமாக வாங்கப்படும் விலை உயர்ந்த வீடுகளின் உண்மையான உரிமையாளர்களை அறிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நம் மக்கள் ஒரு சென்ட் நத்தம் மனைக்குப் பட்டா கேட்டுப் போனால் குடும்ப அட்டை, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று என்று மூன்று தலைமுறையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வானத்தில் வீடு வாங்குகிறவருக்குப் பெயரே தேவைப்படவில்லை.

சன்னலுக்கு வெளியே

அந்த வீடுகளில் விற்கப்படும் முதன்மையான பொருள் காட்சி. சன்னலைத் திறந்தால் சென்ட்ரல் பூங்கா முழுவதும் காலடியில் விரியும்.

அந்தப் பூங்காவின் மேற்கு ஓரத்தில், இன்றைய 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே, செனிகா கிராமம் என்றோர் ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் அங்கே மனை வாங்கி வீடு கட்டினார்கள். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுமையாக ஒழிந்ததே 1827இல்தான். தேவாலயங்களும் பள்ளியும் இடுகாடுகளும் கொண்ட ஊராக அது வளர்ந்தது. 1850களில் அங்கே இருநூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

அந்த மனைகளுக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. 1821ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பின்படி, கறுப்பின ஆண் வாக்களிக்க வேண்டுமானால் 250 டாலர் பெறுமானச் சொத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை நீக்கப்பட்டிருந்தது. ஆகவே செனிகா கிராமத்தில் ஒரு மனை என்பது வீடு மட்டுமன்று, வாக்குரிமையும்கூட. பூங்கா அமைக்க அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. அங்கிருந்தவர்களைக் குடிசைவாசிகள், ஆக்கிரமிப்பாளர்கள் என்று அன்றைய நாளேடுகள் தூற்றின. 1857க்குள் ஊர் துடைத்தெறியப்பட்டது.

இந்த வரிசை நமக்குப் பழக்கமானது. முதலில் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயர். அடுத்துப் பொதுநலம் என்ற காரணம். இறுதியில் இழப்பீடு என்ற காசோலை. கூவம் கரையிலும் இதையே பார்த்தோம். வேறுபாடு ஒன்று உண்டு. செனிகா கிராமத்தவர்களில் பலரிடம் பத்திரம் இருந்தது. பத்திரம் இருந்தும் காப்பாற்றவில்லை.

இரண்டு வாசல், ஒரு படிக்கட்டு

சென்ட்ரல் பார்க் டவரைக் கட்டிய எக்ஸ்டெல் நிறுவனம், மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் ரிவர்சைட் பூலவார்டில் இன்னொரு கட்டடம் எழுப்பியது. சலுகைகளுக்கு ஈடாக அதில் 55 வீடுகள் குறைந்த வருமானத்தோர்க்கு ஒதுக்கப்பட்டன. அவர்களுக்குத் தனி வாசல். 2014இல் இது வெளியே தெரிந்ததும், ‘ஏழை வாசல்’ என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது. எதிர்ப்பு வலுத்து, 2015இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. வரிச் சலுகை பெறும் கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே வாசல் என்பது விதியாயிற்று. அந்த 55 வீடுகளுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 88,000 பேர் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அவமானம் தெரிந்தும் வரிசையில் நிற்க வைப்பது வீடின்மை.

இரண்டாவது வழக்கு இன்னும் கூர்மையானது. நியூயார்க்கில் வீடற்றோர்க்குத் தங்கிடம் தருவது நகரத்தின் சட்டக் கடமை. 1979இல் தொடுக்கப்பட்ட கலகன் வழக்கில் 1981இல் எட்டப்பட்ட இசைவுத் தீர்ப்பின் பயன் அது. அக்கடமைப்படி, 2018 ஜனவரியில் மேற்கு 58ஆம் தெருவில் மூடிக் கிடந்த ஒரு விடுதியை 150 ஆண்களுக்கான காப்பகமாக்கப் போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. அந்த இடம் ஒன்57 கோபுரத்தின் பின்புறம். சுற்றுவட்டாரத்தார் கூட்டமைப்பு ஒன்று அமைத்து வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் முன்வைத்த முக்கிய வாதங்களுள் ஒன்று படிக்கட்டைப் பற்றியது. அந்தப் பழைய விடுதியின் படிக்கட்டு ஒன்றே ஒன்று, குறுகலானது, தீப்பிடித்தால் ஆபத்து என்றார்கள்.

ஏழைகளின் உயிர்மீது இவ்வளவு அக்கறையா என்று வியக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது படிக்கட்டை அகலமாக்கச் சொல்லி அன்று. காப்பகம் வேண்டாம் என்று. இடைநிலை நீதிமன்றம் இதன்மேல் விசாரணை நடத்தச் சொன்னது. 2021 மே மாதத்தில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் நகரத்தின் முடிவை நிலைநிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில் காப்பகம் திறக்கப்பட்டது. ஒரு கதவு திறக்க ஏறக்குறைய நான்காண்டுகள்.

இந்த இரு நிகழ்வுகளையும் நாம் எடுத்துரைப்பது அமெரிக்காவை இகழ்வதற்கு அன்று. அங்கே ஏழை வாசலைச் சட்டத்தால் மூட முடிந்தது. காப்பகக் கதவைச் சட்டத்தால் திறக்க முடிந்தது. 1948இல் ஷெல்லி வழக்கில், கறுப்பினத்தவர்க்கு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று அங்கே தீர்ப்பு வந்தது. இங்கே 2005இல், ஜொராஷ்டிரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற துணைவிதி செல்லும் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தச் சங்கம் பார்சி சமூகத்தாருடையது. ஆனால் அத்தீர்ப்பின் நிழலில் எத்தனை சங்கங்கள் ‘சைவம் மட்டும்’ என்ற சொல்லால் நம்மை வடிகட்டுகின்றன என்பதை நகரத்தில் வாடகை வீடு தேடிய ஒவ்வொரு தலித் மாணவரும் அறிவார். நம் அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் தனி மின்தூக்கி ஒதுக்கப்படுவதை எந்தச் சட்டமும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஏழை வாசல் என்று உலகம் கண்டித்ததை, ‘சர்வீஸ் லிஃப்ட்’ என்று நாம் பழகிக்கொண்டோம்.

ஆலை நிலத்தின் மேல்

இந்தியாவில் வானளாவும் குடியிருப்புகளின் நகரம் மும்பை. வொர்லியில் 320 மீட்டர் உயர பாலைஸ் ராயல் நிற்பது ஸ்ரீராம் ஆலை நிலத்தில். லோயர் பரேலில் 280 மீட்டர் உயர வேர்ல்ட் ஒன் நிற்பது ஸ்ரீநிவாஸ் ஆலை நிலத்தில். பருத்தி ஆலைகளின் நிலத்தில் வானளாவிகள் முளைத்த கதை, உயரம் பொதுச் சொத்து என்ற நம் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று.

1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் சாய்ந்தன. 1991இல் மும்பை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 ஒரு நியாயமான பங்கீட்டை வகுத்தது. ஆலை நிலத்தை விற்க விரும்பினால் மூன்றில் ஒரு பங்கு நகரத்தின் திறந்தவெளிக்கு. ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு. ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் இந்த விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றானது. ஆலை நிலத்தில் ஆலை நிற்கும் என்பது யாருக்குத் தெரியாது? பங்கிட வேண்டிய நிலம் சுருங்கியது. உயர் நீதிமன்றம் 2005இல் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை ஏற்றது. ஒரு விதியில் நுழைந்த சில சொற்கள், பூங்காவாகவும் தொழிலாளர் வீடாகவும் ஆகியிருக்க வேண்டிய நிலத்தைத் தனியாரிடம் சேர்த்தன.

இந்தக் கதையில் நமக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. அந்த ஆலைகளின் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் வேலை செய்ய அனுமதிக்கப்படவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்தது. தலித்தின் எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். கூலி கூடுதலாகக் கிடைத்த பிரிவு அதுவே. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத்தின் முன் கேள்வியாக வைத்தார். ஆலைக்குள் மேல் அடுக்கு மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, ஆலை மறைந்த பிறகு எழுந்த கோபுரத்தில் எந்த அடுக்கும் இல்லை.

குடிசைப் பகுதிகளிலும் இதே கணக்குத்தான். 1990களில் வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின்படி, குடிசைவாசிக்கு இலவசமாக ஒரு சிறு வீடு. தொடக்கத்தில் 225 சதுர அடி. அதற்கு ஈடாகக் கட்டுநருக்குக் கூடுதல் தளப்பரப்பு. 2010இல் முடிந்து அன்று நாட்டிலேயே உயரமாக நின்ற தார்தேவ் இம்பீரியல் இரட்டைக் கோபுரம் இத்திட்டத்தில் எழுந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடச் சென்ற நம் உறவுகள் தலைமுறைகளாக வாழும் தாராவியிலும் இன்று இதே பேரம்தான் நடக்கிறது. அங்குள்ள மக்கள் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என்று பிரிக்கப்படுகிறார்கள். ஆனால் அந்த நிலத்திலிருந்து பிறக்கும் வளர்ச்சி உரிமைக்குத் தகுதித் தேர்வு இல்லை. அது மும்பையின் எந்த மூலைக்கும் விற்பனையாகும். மனிதர் ஊருக்கு வெளியே போகலாம். அவர் தலைமேலிருந்த வானம் ஊருக்குள்ளேயே விலை போகும்.

நாம் கேட்க வேண்டியவை

சென்னைக்கு வருவோம். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயர்கட்டடங்களுக்கு 3.25 குறியீடு உண்டு. அதற்கு மேலும் வேண்டுமானால் அரசிடம் பணம் கட்டிப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அரசே உயரத்தை விலைக்கு விற்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் தேவையில்லை. அதே அரசு, நகரின் நடுவே தலைமுறைகளாக வாழ்ந்த உழைக்கும் மக்களை, அவர்களில் பெரும்பங்கினரான தலித் மக்களை, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புகிறது. அங்கும் அடுக்குமாடிதான். ஆனால் அந்த உயரம் தண்டனையின் உயரம். மின்தூக்கி பழுதானால் முதியவர் வீட்டுக்குள் சிறைப்படும் உயரம்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், கைபட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. அடுத்த மாதம், நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூ குடியிருப்போர் சங்கம், நீர்க்கசிவும் மின்தூக்கிப் பழுதும் உள்ளிட்ட குறைகளுக்காகக் கட்டுநரிடம் 12.5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. இரண்டும் அடுக்குமாடி, இரண்டிலும் குறைபாடு. ஓரிடத்தில் அது ஒப்பந்த மீறல் என்ற வழக்காயிற்று. மற்றோரிடத்தில், இலவசமாகக் கிடைத்ததில் குறை சொல்கிறார்கள் என்ற ஏச்சாயிற்று.

இந்த நிலையை மாற்றச் சட்டத்தில் ஒரு பிடிமானம் இருக்கிறது. நாட்டின் பொருள்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொதுநலனுக்கு ஏற்பப் பங்கிடப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 39(ஆ) பிரிவு. 2024 நவம்பர் 5 அன்று, மும்பையின் பழைய கட்டடங்கள் தொடர்பான வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதற்குப் பொருள் கூறியது. தனியார் சொத்து அனைத்தும் சமூகத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்றது பெரும்பான்மை. பலர் இதைத் தோல்வியாகவே படித்தார்கள். ஆனால் எந்த வளம் சமூகத்தினுடையது என்பதை முடிவு செய்ய அதே தீர்ப்பு அளவுகோல்களையும் தந்தது: வளத்தின் தன்மை, மக்கள் நலன்மீது அதன் தாக்கம், அதன் அரிமை, அது சிலர் கையில் குவிவதால் வரும் விளைவு. தளப்பரப்புக் குறியீட்டை இந்த அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். அது எவருடைய பாட்டன் சொத்தும் அன்று. அரசாணையால் பிறப்பது, அரிதானது, குவிந்தால் நகரத்தையே மூச்சுத் திணறச் செய்வது. நாற்காலியையும் வயலையும் தனியார் சொத்து என்று வாதிடலாம். அரசு இன்று எழுதி நாளை திருத்தும் ஓர் எண்ணை அவ்வாறு வாதிட இயலாது. நாம் வழக்காட வேண்டிய களம் இதுவென்று கருதுகிறோம்.

அதற்கு முன்னதாகவே கேட்கக்கூடியவை மூன்று.

முதலாவது, கூடுதலாக வழங்கப்பட்ட ஒவ்வொரு சதுர அடியும் யாருக்கு, என்ன விலைக்கு, எந்த ஆணையின்படி வழங்கப்பட்டது என்ற பொதுப் பதிவேடு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் கேட்காமலே வெளியிடப்பட வேண்டிய தகவல் இது.

இரண்டாவது, உயரம் விற்ற பணம் அந்தப் பகுதி மக்களுக்கே அந்த இடத்திலேயே வீடாக வேண்டும். எளியோர்க்கு வீடு ஒதுக்குவதற்குப் பதிலாக உறைவிடக் கட்டணம் செலுத்தி ஒதுங்கிக்கொள்ளும் வழி அடைக்கப்பட வேண்டும். ஒன்57இன் 66 வீடுகள் நமக்கு எச்சரிக்கை.

மூன்றாவது, கட்டட அனுமதியிலும் நிறைவுச் சான்றிலும் ஒரே வாசல், ஒரே மின்தூக்கி, சாதி பார்க்காத விற்பனையும் வாடகையும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். அரசு தந்த உயரத்தில் தீண்டாமைக்கு இடமில்லை என்பது 17ஆம் பிரிவின் நேரடிப் பொருள்.

கல்லூரி மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகரில் கடைசியாக எழுந்த உயரமான குடியிருப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது நிற்கும் நிலம் முன்பு யாருடையது, அதற்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்கப்பட்டதா, அந்தப் பகுதியிலிருந்து அண்மையில் யார் வெளியேற்றப்பட்டார்கள், எங்கே அனுப்பப்பட்டார்கள் என்று நான்கு கேள்விகளைத் தகவல் உரிமை மனுவாக அனுப்புங்கள். கட்டணம் பத்து ரூபாய். விடை வரும், வராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. அந்த விடைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் நாம் நீதிமன்றப் படி ஏற முடியும்.